எழுதச் சொன்ன ஆசிரியை எழுத்தாளர் ஆனார்!

மாணவன் விட்ட சவால். 24 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவல்

அமெரிக்காவில் ஒஹையோ என்று ஒரு மாநிலம். அங்கே, ஒஹையோ ஆற்றின் கரையில் சின்சினாட்டி என்ற நகரம் இருக்கிறது.

அந்த நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் நடத்தி வந்தார், ஓர் ஆசிரியை. கறுப்பு இனத்தைச் சேர்ந்தவர். பெயர், ஷாரன் டிரேப்பர்.

ஒரு நாள் மாணவன் ஒருவன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்வி அவருடைய வாழ்க்கையையே மாற்றி விட்டது.

வகுப்பில் பாடம் நடத்தியவர், நாடு அறிந்த நாவல் ஆசிரியர் ஆனார். 13 வயது, 14 வயதுப் பிள்ளைகள் அவருடைய புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். அதுவரை புத்தகம் என்றாலே காத தூரம் ஓடிய பிள்ளைகள்கூடப் படித்தார்கள்!

மாணவன் கேட்டது என்ன? ஆசிரியை செய்தது என்ன?

நூலகத்துச் சிறுமி

ஷாரன் டிரேப்பர் பிறந்த ஊர் கிளீவ்லாந்து. அதுவும் ஒஹையோ மாநிலத்தில்தான் இருக்கிறது.

சிறு வயதிலேயே அவருக்குப் புத்தகப் பைத்தியம். ஊரில் இருந்த நூலகத்துக்குப் போவார். கை நிறையப் புத்தகங்களை அள்ளிக் கொண்டு வருவார். படித்து முடித்து, மீண்டும் போவார்.

குழந்தைகளுக்கான புத்தகங்களை எல்லாம் ஏறக்குறைய அவர் படித்துத் தீர்த்து விட்டார். "இனி எதைக் கொடுப்பது?" என்ற நிலை வந்தது. பெரியவர்களுக்கான புத்தகங்களையும் எடுத்துப் போக, அவருக்குத் தனி அனுமதி கொடுத்தார்கள்.

படித்துப் பட்டம் பெற்றதும் அவர் ஆசிரியை ஆனார். சின்சினாட்டி நகரத்துப் பொதுப் பள்ளிகளில் சுமார் 30 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

கண்டிப்பான ஆசிரியை

ஷாரன் டிரேப்பர் அன்பானவர். ஆனால், வேலை வாங்குவதில் கண்டிப்பானவர்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் அவரிடம் ஒரு நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். நூலகத்துக்குப் போய்த் தேட வேண்டும். குறிப்பு எடுக்க வேண்டும். எழுதியதைத் திருத்தித் திரும்பவும் எழுத வேண்டும். சாக்குப் போக்குச் சொல்லித் தப்ப முடியாது!

அந்தக் கட்டுரைக்கு மாணவர்கள் "டிரேப்பர் கட்டுரை" என்றே பெயர் வைத்து விட்டார்கள்.

எழுதி முடித்த மாணவர்களுக்கு ஒரு பனியன் உண்டு. "டிரேப்பர் கட்டுரையை எழுதியும் பிழைத்து விட்டேன்" என்ற கருத்தில் அதில் வாசகம் அச்சடித்து இருக்கும். மாணவர்கள் அதைப் பெருமையோடு போட்டுக் கொண்டார்கள்.

மாணவன் விட்ட சவால்

இப்படி எல்லோரையும் எழுத வைத்த ஆசிரியை, தாம் கதை எதுவும் எழுதி வெளியிட்டது இல்லை.

1990-ம் ஆண்டுகளின் தொடக்கம். "எபனி" என்ற பத்திரிகை ஒரு சிறுகதைப் போட்டி நடத்தியது. கறுப்பு இன மக்களிடையே பெரிய செல்வாக்கு உள்ள பத்திரிகை அது.

அந்தப் போட்டிக்கான விண்ணப்பத் தாளை ஒரு மாணவன் வகுப்புக்குக் கொண்டு வந்தான். தாள் கசங்கிப் போய் இருந்தது. அதை ஆசிரியையிடம் நீட்டினான். எங்களை எழுதச் சொல்கிறீர்களே, நீங்கள் ஏதாவது எழுதக் கூடாதா என்று கேட்டு விட்டான்!

ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறவர் என்ற பெயரை எந்த ஆசிரியர்தான் விரும்புவார்? ஷாரன் டிரேப்பர் தாளை வாங்கிக் கொண்டார்.

கடையில் கண்ட காட்சி

என்ன எழுதுவது? கதை அவரைத் தேடிக் கொண்டு வந்தது.

பள்ளி விட்டு, சாமான் வாங்க ஒரு கடைக்குப் போனார். அங்கே ஒரு பெண், தன் சின்னஞ் சிறு குழந்தையைப் பார்த்துக் கண்டபடி கத்திக் கொண்டு இருந்தாள். காது கூசும் சொற்கள். குழந்தை மிரண்டு போய் உட்கார்ந்து இருந்தது.

அந்தக் குழந்தையின் முகம் ஷாரன் டிரேப்பரின் மனதை விட்டு அகலவில்லை. அந்தக் காட்சியை வைத்தே கதை எழுதினார். "ஒரு சிறு தீப்பந்தம்" என்ற பொருள்படும் தலைப்பைக் கொடுத்தார்.

கதையை அனுப்பி விட்டு, அதைப் பற்றி மறந்தும் போனார்.

வந்தது முதல் பரிசு! பரிசுத் தொகை 5,000 டாலர்.

கதை பத்திரிகையில் வெளிவந்தது. பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் ஒன்றை எழுதியவர், அலெக்ஸ் ஹேலி. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட தன் முன்னோரின் வரலாற்றை "வேர்கள்" என்ற நூலாக எழுதி, உலகப் புகழ் பெற்றவர் அவர். தமிழில் அது "ஏழு தலைமுறைகள்" என்ற பெயரில் வெளிவந்து இருக்கிறது.

"நாமும் எழுதலாம்" என்ற நம்பிக்கை ஆசிரியைக்குப் பிறந்தது.

24 முறை "வேண்டாம்"

அடுத்து, ஷாரன் டிரேப்பர் ஒரு நாவல் எழுதத் தொடங்கினார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பாடத்தில் வைக்கப்பட்ட பழைய இலக்கியங்களை மாணவர்கள் பலர் விருப்பம் இல்லாமல் படித்தார்கள். தங்களைப் போன்ற பிள்ளைகள் வரும் கதை, தங்கள் ஊர்த் தெருக்கள் வரும் கதை, தங்கள் கவலையைச் சொல்லும் கதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை ஆசிரியையே எழுதினார்.

எழுதியதை 25 பதிப்பகங்களுக்கு அனுப்பினார்.

"வேண்டாம்" என்று ஒரு பதில் வந்தது. இன்னொன்றும் வந்தது. இப்படி 24 பதிப்பகங்கள் கையை விரித்து விட்டன!

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. அந்த 25-வது பதிப்பகம் "வெளியிடுகிறோம்" என்று எழுதியது.

"புலியின் கண்ணீர்" என்ற பொருள் தரும் அந்த நாவல், 1994-ம் ஆண்டில் வெளிவந்தது.

நோட்டுப் புத்தகம் சொன்ன சேதி

நாவலின் கதை இதுதான்:

ஆண்டி என்ற மாணவன், பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து வீரன். ஒரு நாள் அவனுடைய அணி வெற்றி பெறுகிறது. அந்த மகிழ்ச்சியில் நண்பர்கள் காரில் ஏறிப் புறப்படுகிறார்கள். காரிலே பீர் குடிக்கிறார்கள். ஆண்டியும் குடித்து விட்டுக் காரை ஓட்டுகிறான்.

கார் சுவரில் மோதித் தீப்பிடிக்கிறது. மற்றவர்கள் தப்பி விடுகிறார்கள். ஆண்டியின் உயிர்த் தோழன் ராபர்ட் மட்டும் உள்ளே சிக்கிக் கொள்கிறான். நண்பர்களின் கண் எதிரிலேயே அவன் உயிர் போகிறது.

"நான்தான் கொன்றேன்" என்ற எண்ணம் ஆண்டியை அரிக்கத் தொடங்குகிறது. நாள் ஆக ஆக அவன் தளர்ந்து போகிறான்.

இந்தக் கதையை ஷாரன் டிரேப்பர் சொல்லி இருக்கும் முறை புதுமையானது. பத்திரிகைச் செய்தி, மாணவர்களின் வீட்டுப்பாடக் கட்டுரை, கடிதம், தொலைபேசிப் பேச்சு, நண்பர்களின் அரட்டை இவற்றைக் கோத்தே முழுக் கதையையும் சொல்லி விட்டார். ஒவ்வொரு பகுதியும் சின்னஞ் சிறியது. படித்துப் பழக்கம் இல்லாத பிள்ளையும் மலைத்துப் போகாமல் படிக்கலாம்.

ஆண்டியின் எழுத்திலே அவனுடைய வேதனை தெரிகிறது. ஆசிரியர்களும் அவனைக் கவனிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால், "போகப் போகச் சரியாகி விடுவான்" என்று இருந்து விடுகிறார்கள். அவன் சரியாகவில்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக் கொள்கிறான்.

வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எழுத்தில் சொல்லி விடுவார்கள். அதைக் கவனித்துப் படிக்க ஒருவர் வேண்டும். படித்தவர் உடனே பிள்ளையை அழைத்துப் பேசவும் வேண்டும். சுமார் 30 ஆண்டுகள் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியவர் கண்ட உண்மை இது.

புதிய எழுத்தாளருக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி பெயரால் வழங்கப்படும் விருது அது. கறுப்பு இன எழுத்தாளர்களின் சிறந்த குழந்தை நூல்களுக்குக் கொடுக்கப்படுகிறது.

எபனியில் பரிசு பெற்ற அந்தச் சிறுகதையும் வீண் போகவில்லை. அதையே முதல் அத்தியாயமாக வைத்து, 1997-ல் அடுத்த நாவலை எழுதினார். அதற்கும் அதே பெயர் கொண்ட பெரிய விருது கிடைத்தது.

வெள்ளை மாளிகையில் ஆசிரியை

புத்தகங்கள் வெளிவந்தன, புகழும் வந்தது. ஆனால், அவர் உடனே பள்ளிக்கூடத்தை விட்டு விடவில்லை. பகலில் பாடம், கிடைத்த நேரத்தில் நாவல்!

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் "நாட்டின் சிறந்த ஆசிரியர்" என்று ஒருவரைத் தேர்ந்து எடுக்கிறார்கள். 1952-ம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் அது. 1997-ம் ஆண்டு அந்தப் பெருமை ஷாரன் டிரேப்பருக்குக் கிடைத்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்த கிளின்டன், வெள்ளை மாளிகையில் அவரைக் கௌரவித்தார்.

அதன் பிறகு ஊர் ஊராகப் பயணம். பள்ளிக்கூடங்களுக்குப் போனார். மாணவர்களைச் சந்தித்தார். ஆசிரியர்களின் கூட்டங்களில் பேசினார். ஆசிரியர்களுக்கு ஊக்கம் ஊட்ட ஒரு புத்தகமும் எழுதினார்.

படிக்கத் தெரியாததை மறைத்த சிறுமி

2002-ம் ஆண்டில் வந்த அவருடைய நாவல் ஒன்றின் கதாநாயகி, டீலியா. எட்டாம் வகுப்பு மாணவி. இரட்டைக் கயிறு சுழலும்போது நடுவே குதித்து ஆடும் ஆட்டத்தில் கெட்டிக்காரி.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது! எழுத்துகள் அவள் கண்ணுக்குக் குழம்பித் தெரியும்.

ஞாபக சக்தியால் சமாளித்தாள். மற்றவர்கள் சொல்வதைக் காதால் கேட்டே வகுப்புகளைத் தாண்டி வந்து விட்டாள். ஆனால் அரசாங்கப் பரீட்சை வருகிறது. அதில் தேறாவிட்டால் எல்லாம் போய்விடும்!

வெட்கத்தை விட்டு, உண்மையைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு வழி பிறக்கிறது. "தெரியாது" என்று சொல்வது அவமானம் அல்ல. மறைத்து வைப்பதுதான் கஷ்டம் என்பதை அந்தக் கதை எடுத்துக் காட்டுகிறது.

எழுத்துக்கும் பட்டறை!

கொல்லன் பட்டறை உங்களுக்குத் தெரியும். தச்சுப் பட்டறை தெரியும். எழுத்துப் பட்டறை தெரியுமா?

தச்சுப் பட்டறையில் ஆசாரி வேலை செய்வார். பையன் பக்கத்தில் நின்று பார்ப்பான். பிறகு தானும் உளியைப் பிடிப்பான். எழுதுவதையும் இப்படித்தான் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க ஆசிரியர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள்.

அவர்களில் ஒருவர், ஜேம்ஸ் கிரே. அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1974-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி தொடங்கினார். எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் தாமும் எழுத வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் முக்கிய விதி. பிறகு அது நாடு முழுவதும் பரவியது.

இன்னொருவர், டொனால்டு கிரேவ்ஸ். ஏழு வயதுக் குழந்தைகள் எழுதுவதை அவர் பக்கத்தில் இருந்து கவனித்தார். "இதைப் பற்றி எழுது" என்று கட்டளை இட்டால் கொஞ்சம் எழுதினார்கள். விரும்பியதை எழுத விட்டால் நிறைய எழுதினார்கள்! 1973-ல் அவர் தமது ஆராய்ச்சியில் இதைச் சொன்னார்.

மூன்றாமவர், நான்சி ஆட்வெல். மெய்ன் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. முதலில் அவர் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பாடம் நடத்தினார். பிறகு மேசையை விட்டு எழுந்து, மாணவர்களின் இடத்துக்கே போனார். மாணவர்கள் பார்க்கும்படி தாமும் எழுதினார். 1987-ல் இதை ஒரு புத்தகமாக எழுதினார்.

2015-ம் ஆண்டில், உலகின் சிறந்த ஆசிரியருக்கான 10 லட்சம் டாலர் பரிசு முதல் முறையாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் நான்சி ஆட்வெல்தான். அவர் அந்தப் பணத்தைத் தமக்கு என்று வைத்துக் கொள்ளவில்லை. தாம் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கே கொடுத்து விட்டார்!

பட்டறை நடப்பது எப்படி?

முதலில், சில நிமிடங்கள் சிறு பாடம். கதையை எப்படித் தொடங்குவது, பேச்சை எப்படி எழுதுவது என்று ஏதாவது ஒன்றை ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார்.

பிறகு எல்லோரும் எழுதுவார்கள். எதைப் பற்றி எழுதுவது என்பது மாணவன் விருப்பம்.

ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்காருவார். "என்ன எழுதுகிறாய்? அப்புறம் என்ன நடந்தது?" என்று விசாரிப்பார். சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவது கிடையாது. கதை சரியாக வந்த பிறகு, கடைசியில் எழுத்துப் பிழைகளைத் திருத்துவார்கள்.

முடிவில், எழுதியதைச் சிலர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவார்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. காகிதமும் பென்சிலும் போதும். காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும். அவ்வளவுதான்!

பாட்டியின் நோட்டு

ஷாரன் டிரேப்பரின் குடும்பத்திலும் இப்படி எழுதிய ஒருவர் இருந்தார். அவர் தந்தையைப் பெற்ற பாட்டி. அதிகம் பள்ளிக்கூடம் போக முடியாத அந்தப் பெண்மணி, இரவு நேரத்தில் நோட்டுப் புத்தகத்தில் தம் மனதில் இருந்ததை எழுதுவார்.

அவரை நினைத்து, 2015-ல் ஷாரன் டிரேப்பர் ஒரு நாவல் எழுதினார். கதை நடக்கும் ஆண்டு 1932. இடம், தென்பகுதியில் உள்ள வட கரோலினா மாநிலம். கறுப்பு மக்கள் ஓட்டுப் போடவும் முடியாதபடி தடுக்கப்பட்ட காலம்.

ஸ்டெல்லா என்ற சிறுமிக்கு எழுத வராது. ஆனாலும் விடுவது இல்லை. ஊர் உறங்கிய பிறகு, வெளியே உட்கார்ந்து எழுதிப் பழகுகிறாள். தப்பும் தவறுமாக எழுதுகிறாள். அடித்து விட்டு மறுபடி எழுதுகிறாள். நாளடைவில், ஊர் நடப்பை எல்லாம் எழுதித் தனக்கென்று ஒரு பத்திரிகையே தயாரிக்கிறாள்!

அதே 2015-ம் ஆண்டில், இளம் வாசகர்களுக்காக வாழ்நாள் முழுவதும் செய்த சேவைக்கு என்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதும் ஷாரன் டிரேப்பருக்குக் கிடைத்தது.

பேச முடியாத மெலடி

அவருடைய புத்தகங்களில் மிகவும் பேர் பெற்றது, 2010-ல் வந்த ஒரு நாவல். கதாநாயகி மெலடி, ஐந்தாம் வகுப்புச் சிறுமி. மூளை முடக்குவாதத்தால் அவளால் நடக்க முடியாது. பேச முடியாது. பென்சில் பிடித்து எழுதவும் முடியாது.

ஆனால் பார்த்தது, கேட்டது எல்லாம் அவள் மூளையில் அப்படியே பதிந்து விடும். மனம் முழுக்கச் சொற்கள்! வெளியே வரத்தான் வழி இல்லை. "இவளுக்கு ஒன்றும் புரியாது" என்று பலர் நினைத்து விடுகிறார்கள்.

ஒரு கருவி வருகிறது. பொத்தானை அழுத்தினால் அது அவளுக்காகப் பேசும். முதல் முறையாகத் தாய் தந்தையிடம் தன் அன்பைச் சொல்கிறாள். கேட்டவர்கள் கண்ணீர் விடுகிறார்கள்.

கதையின் கடைசியில், வகுப்பில் எல்லோரும் சுய சரித்திரம் எழுத வேண்டும் என்று ஒரு பாடம் வருகிறது. மெலடியும் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதத் தொடங்குகிறாள். அவள் எழுதும் முதல் வரி எது தெரியுமா? நாம் படித்த புத்தகத்தின் முதல் வரி! அந்தப் புத்தகம் முழுவதும் அவள் எழுதிய வீட்டுப்பாடம்தான் என்பது அப்போது புரிகிறது.

2024-ல் இது திரைப்படமாகவும் வந்தது. மெலடியாக நடித்த சிறுமிக்கும் அதே நோய் உண்டு.

இன்று ஞாயிற்றுக்கிழமை

உங்கள் வீட்டுப் பிள்ளையின் நோட்டிலும் ஏதாவது எழுதி இருக்கலாம். பாதிக் கதை இருக்கலாம். நாலு வரிப் பாட்டு இருக்கலாம். யாரிடமும் சொல்லாத ஒரு கவலையும் இருக்கலாம்.

ஒளித்து வைத்ததைப் பிடுங்கிப் படிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குப் படித்துக் காட்டேன்" என்று கேளுங்கள். நடுவில் பேசாமல் கடைசி வரை கேளுங்கள்.

முடிந்தால், ஒரு தாளை எடுத்து நீங்களும் நாலு வரி எழுதுங்கள். உங்கள் சிறு வயதில் நடந்தது எதுவானாலும் சரி. அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள்.

எழுத்துப் பிழையை நாளைக்குத் திருத்திக் கொள்ளலாம்!